சோலையம்மாளின் கைநாட்டு

அத்தியாயம் 14

நிதி அமைப்பிலிருந்து கடிதம் வந்த அன்று காசிமாயன் போட்ட ஆட்டத்தைப் போன வாரம் பார்த்தோம். டீக்கடையில் பத்துப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எம்மகளுக்கு அரசாங்கம் விருது குடுத்திருக்கு" என்று அறிவித்தே விட்டார். அது அரசாங்கமும் இல்லை, விருதும் இல்லை. கைக்காசைப் போட்டுப் படம் எடுத்துவிட்டு, முடிக்க வழியில்லாமல் நிற்கிற தென் மாவட்ட இயக்குநர்களுக்கு உதவுகிற 'கரிசல் திரை நிதி', வந்த விண்ணப்பங்களில் எட்டுப் படங்களைக் கடைசிச் சுற்றுக்கு எடுத்திருந்தது. அதில் ஒன்று அவர் மகள் தாமரைச்செல்வியின் 'கொடுத்த சேலை' என்ற ஆவணப்படம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் பெற்றவர் சந்தோஷத்தில் திருத்தம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

தாமரைக்கு வயது முப்பத்திரண்டு. சென்னையில் டி.வி. வேலையை உதறிவிட்டு, திருமங்கலம் சுற்றுப்பட்டு ஊர்களில் மூன்று வருஷம் காமிராவோடு அலைந்தவள். படப்பிடிப்பு முடிந்தது, எடிட்டிங்கும் முடிந்தது. ஒலிச் சேர்ப்பு வேலைதான் பாக்கி. இந்த உதவி கிடைத்தால் படம் நாலு பேர் கண்ணில் படும். கிடைக்காவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. பேசியவர் நிதியின் மதுரை ஒருங்கிணைப்பாளர் ராஜஸ்ரீ.

"உங்க படத்தை நேத்து ரெண்டு தடவை பார்த்தேன் தாமரை. ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா ஒரு சிக்கல்."

"சொல்லுங்க மேடம்."

"நாற்பத்து மூணாவது நிமிஷத்துல உங்க அத்தை என்ன சொல்றாங்க?"

எடிட்டிங்கில் நூறு தடவை கேட்ட வசனம். 'எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுத்தான் வச்சேன்' என்று சொல்வாள் அத்தை.

"அவங்க சம்மதப் படிவம் இப்போ என் கையில இருக்கு. அதுல சாய்வா, அழகா, 'ப. சோலையம்மாள்'னு நீல மையில கையெழுத்துப் போட்டிருக்கு."

தாமரை போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இதை யார் போட்டாங்கன்னு நான் இப்போ கேக்கல. அஞ்சு மணிக்கு எல்லா ஃபைலும் கமிட்டிக்குப் போகுது. அதுக்குள்ள அவங்க நேர்ல வரணும். என் முன்னாடி படிச்சுக் காட்டி, புரிஞ்சு சம்மதிக்கணும். இல்லைன்னா கையெழுத்து அவங்களது இல்லைன்னு நான் எழுதித்தான் ஆகணும். அப்படி எழுதிட்டா இந்த வருஷம் மட்டுமில்ல, எந்த வருஷமும் நீங்க விண்ணப்பிக்க முடியாது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். படத்தில் பேசுகிறவர்கள் ஐந்து பெண்கள். நாலு பேரிடம் தாமரையே நேரில் போய்க் கையெழுத்து வாங்கினாள். ஐந்தாவது அவள் அத்தை சோலையம்மாள், காசிமாயனின் தங்கை. அந்தச் சமயம் தாமரை சென்னையில் எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தாள். "எந்தங்கச்சிகிட்ட வாங்குறதுக்கு நீ எதுக்குத்தா அங்க இருந்து ஓடி வாரே? நான் பாத்துக்கிறேன்" என்று காசிமாயன் பொறுப்பை வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் தபாலில் வந்து சேர்ந்தது படிவம். அப்பாவின் வேகத்தை மெச்சிக்கொண்டு, தாளைச் சரியாகக்கூடப் பார்க்காமல் கோப்பில் சொருகிவிட்டாள் மகள்.

காசிமாயன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அத்தை படிவத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தான்." பேப்பரை அவர் இறக்கவே இல்லை. "ஏன், சரியா விழுகலையா?"

"என்னப்பா இப்பிடிச் சொல்றீங்க? அவங்ககிட்டக் கேக்காம..."

"அவளுக்கு எல்லாத்துக்கும் நாந்தானத்தா போடுறேன். கேஸ் கனெக்சனுக்குப் போட்டேன். அவ மகள காலேசுல சேக்கும்போது போட்டேன். மாப்ள செத்தப்ப இன்சூரன்சுக்குப் போட்டேன். சோலை கையெழுத்து என்னயத் தவிர வேற யாருக்கும் போட வராது."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாகவே சொன்னார். அவர் வரைக்கும் அது பித்தலாட்டம் இல்லை, கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற ஒத்தாசை. தங்கையை ஒருநாள் அலையவிடாமல் வேலை முடிந்ததே என்ற நிம்மதியில்தான் பேனாவை எடுத்திருக்கிறார். இந்த மாதிரி மனுஷரிடம் எங்கிருந்து சண்டையைத் தொடங்குவது?

தாமரை நிலைமையைச் சொன்னாள். அவர் முகம் மெதுவாக மாறியது.

"அவ எதுக்குக் கைநாட்டப் பத்திப் பேசுனா? நீ கம்மாயப் பத்தின படம்னுதான சொன்ன?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று தெரிந்தேதான் அவள் மூன்று வருஷத்தை ஓட்டியிருந்தாள். படத்தில் கண்மாய் வரும், நாலு நிமிஷம். மீதியெல்லாம், அப்பன் சொத்தில் தங்கள் பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிய பெண்களைப் பற்றியது. கைநாட்டு வைத்த கையோடு ஆளுக்கொரு பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பெண்கள் அவர்கள். அதில் சோலையம்மாளும் ஒருத்தி. அவள் எழுதிக் கொடுத்தது காசிமாயனுக்கு. கண்மாய்க்குக் கீழே இருக்கிற அந்த வயலில்தான் தாமரையின் அண்ணன் ஜெயபாண்டி பிளாட் போடுவதற்குக் கல் நட்டிருக்கிறான்.

"வழியில சொல்றேன்ப்பா. வண்டில ஏறுங்க."

வழியில் சொல்லவில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் பேசாமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. திருமங்கலத்திலிருந்து ஆரப்பாளையம் வரை பின்சீட்டில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டு வந்தது.

*

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிற லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற வேலை சோலையம்மாளுக்கு. பதினொரு வருஷமாகச் சோப்பிலும் பிளீச்சிங்கிலும் கை ஊறியதில் விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவள் கட்டை விரலை ஒவ்வொரு மாசமும் நாலு தடவை துப்பிவிட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும்.

முழங்கால் வலியால் காசிமாயன் இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாமரை மட்டும் மொட்டை மாடிக்கு ஏறினாள். ஈரத் துணி வரிசைகளுக்கு நடுவில் அத்தை ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"அடியே தாமர, என்னத்தா திடுதிப்புன்னு? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல அத்தை. அப்பா கீழ படில இருக்காக. ஒரு தாள்ல நீங்க கைநாட்டு வைக்கணும்."

சோலையம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். "எதுக்குன்னு கேக்கலாமா?"

"நாம பேசிக்கிட்டு இருந்ததப் படம் எடுத்தேன்ல. அதுக்கு."

"அத இன்னும் வச்சிருக்கியா நீ?" அத்தையின் கை நின்றது. "காமிரா பழகுறேன், சும்மா பேசுங்கன்னுல்ல சொன்ன?"

அப்படித்தான் சொன்னாள். முதல் நாள் அது உண்மையாகவும் இருந்தது. அத்தை பேசிய பேச்சைக் கேட்டபிறகுதான் படமே பிறந்தது. அதை அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து, சொன்னால் பேச்சு கெட்டுவிடுமே என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்டாள். வெட்கத்தில் தாமரைக்குக் காது சுட்டது.

"ஊரு சனமெல்லாம் பாக்குமா?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சா பாப்பாங்க அத்தை."

"உங்கப்பன் பாத்துருச்சா?"

"இல்ல."

சோலையம்மாள் வாளியில் மிச்சமிருந்த இரண்டு விரிப்புகளையும் அவசரமில்லாமல் பிழிந்து காயப்போட்டாள். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

"ரெண்டு மணிக்கு வேல முடியும். மேனேசர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்" என்றாள் அத்தை. வருகிறேன் என்றாளே தவிர, வைக்கிறேன் என்று சொல்லவில்லை.

*

இரண்டு மணிக்கு முடிய வேண்டிய வேலை மூன்றுக்குத்தான் முடிந்தது. மூன்று பேரும் ஆட்டோ பிடித்துத் தல்லாகுளம் போய்ச் சேரும்போது மூன்றே முக்கால். ஒரு வீட்டின் மாடிப் பகுதிதான் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு நீள மேஜை, சுவர் ஓரமாக ஃபைல் அடுக்கு. ராஜஸ்ரீ எழுந்து நின்று சோலையம்மாளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. முதல்ல நீங்க பேசினதை நீங்க பார்க்கணும். அப்புறம்தான் தாளு."

தாமரை அப்பாவைப் பார்த்தாள். "கீழ போயி ஒரு டீ சாப்ட்டு வாங்களேன்ப்பா."

"அண்ணன் இருக்கட்டும்" என்றாள் சோலையம்மாள்.

லேப்டாப்பில் படம் ஓடியது. அதே மொட்டை மாடி, அதே விரிப்புகள். திரையில் இருந்த சோலையம்மாள் துணியை மடித்தபடியே பேசினாள்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டுத்தான் வச்சேன். வச்சு முடிச்சதும் எங்கண்ணன் கீழவாசல் கடைக்குக் கூட்டிப்போயி பச்சப் பட்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. எனக்குப் பிடிச்ச கலருதான். ஓட்டல்ல புரோட்டா வாங்கிக் குடுத்தாரு. வயித்துல ஏழு மாசம் எனக்கு. ரெண்டு தின்னேன். அந்தச் சேலய இன்னைக்கு வரைக்கும் கட்டல. ஏன்னு கேக்குறியா? கட்டிட்டா சரின்னு ஆயிரும்ல."

படம் நின்றது. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

காசிமாயன் மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "செயபாண்டி கல்யாணத்துக்கு அதக் கட்டிட்டு வரலையேன்னு கேட்டேன். பூச்சி அரிச்சிருச்சுன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்" என்றாள் தங்கை.

தாமரைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. திரையில் பார்க்கும்போது சிலிர்த்த காட்சிதான். எடிட்டிங்கில் அதைப் பார்த்துவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டவள் அவள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கையில் அந்த மெச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

ராஜஸ்ரீ மணியைப் பார்த்தார். நாலேகால். புதுப் படிவம் ஒன்றை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார்.

இந்தப் படிவத்துக்கு ஒரு கதை உண்டு. நிதி அமைப்பு கொடுத்த மாதிரிப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பேசுகிறவர்களுக்குப் புரிகிற மொழியில் இயக்குநரே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தாமரைக்குச் சட்ட வார்த்தை எதுவும் தப்பிவிடக் கூடாதே என்று பயம். "நம்ம பேச்சிமுத்து இருக்கும்போது என்னத்தா கவல?" என்று காசிமாயன்தான் அழைத்துப் போனார். திருமங்கலம் பத்திர ஆபீஸ் வாசலில் முப்பது வருஷமாக மேஜை போட்டிருக்கிற பத்திர எழுத்தர் பேச்சிமுத்து. ஆங்கிலத் தாளை வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒன்றே ஒன்றுதான்.

"...மேற்படி படப்பதிவின் பேரில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனிமேல் யாதொரு பாத்தியதையும் சம்பந்தமும் கிடையாது என்றும், எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என்றும், என் முழு மனதோடும், பிறர் தூண்டுதல் இன்றியும்..."

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்றாள் சோலையம்மாள்.

ராஜஸ்ரீ நிறுத்தினார்.

"இது எனக்குத் தெரியும். இதையேதான் அன்னைக்கும் வாசிச்சாக. எனக்கோ என் வாரிசுக்கோன்னு வந்தப்ப, வயித்துல இருந்த பிள்ளையும் இதுல சேத்தியான்னு நெனச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

"அத்தை, இது வேற. அதுல ஒண்ணும் இல்ல, சும்மா சட்டத்துக்காகத்தான்..."

"உங்கப்பனும் இதேதான்டி சொன்னாரு. சும்மா சட்டத்துக்காகத்தான் ஆத்தா, வையின்னு."

அத்தை குரலை உயர்த்தவில்லை. தாமரைக்குத்தான் கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது. ஐந்து பெண்கள் பாகத்தை எழுதிக் கொடுத்த கதையைப் படமாக எடுத்தவள், அந்த ஐந்து பேரிடமும் அதே வாசகத்தில் இன்னொரு தடவை எழுதி வாங்கியிருக்கிறாள். நாலு பேர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது பழகிய வார்த்தை.

இதில் அப்பாவைக் குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நாலு இருபத்தைந்து. ராஜஸ்ரீ படிவத்தை மேஜையில் வைத்தார். "அம்மா, உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

"இஷ்டம் இல்லைன்னு சொல்லலம்மா. நான் பேசுனது நெசம். நாலு பேரு கேக்கட்டும். ஆனா பேசுனது நான். அது எனக்குச் சம்பந்தமில்லைன்னு என்னயவே சொல்லச் சொன்னா எப்பிடி?"

"உங்களுக்கு என்ன வேணும் அத்தை?" தாமரைக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது.

சோலையம்மாள் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்பட்டதே இல்லை என்பது அவள் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே தெரிந்தது.

"எங்க போட்டாலும் மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும். வேணாம்னு நான் சொன்னா அங்க போடக் கூடாது. அம்புட்டுத்தான்."

தாமரை பேனாவை எடுத்தாள். ராஜஸ்ரீ கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் யோசிங்க தாமரை. 'உரிமை கோர மாட்டேன்'ங்கிற அந்தப் பத்தி இல்லாம ஒரு படிவத்தைக் கமிட்டி இதுவரைக்கும் ஏத்துக்கிட்டது கிடையாது. நாளைக்கு ஒருத்தர் வேணாம்னு சொன்னா படம் நின்னுபோகுமே, இதுக்கு எப்படி உதவி செய்யறதுன்னு கேப்பாங்க. நான் என் குறிப்புல நல்லவிதமா எழுதறேன். ஆனா முடிவு என் கையில இல்ல."

"மூணு வருசத்தா" என்றார் காசிமாயன். மகளுக்காகத்தான் சொன்னார். அதில் பொய் இல்லை. "ராத்திரி பகல்னு பாக்காம அலைஞ்சியேத்தா. அவளுக்கு நான் எடுத்துச் சொல்லுறேன். நீ அவசரப்பட்டு அடிச்சிராத."

அவர் எடுத்துச் சொன்னால் அத்தை வைத்துவிடுவாள். அதுவும் தாமரைக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் சும்மா இருந்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். படம் பிழைத்துக்கொள்ளும். ஆசை அவளைப் பிடித்து இழுக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் குனிந்து, பேச்சிமுத்து எழுதிய அந்தப் பத்தியின்மேல் ஒரு கோடு போட்டாள். பத்தாதென்று இன்னொரு கோடும் போட்டாள். கீழே அத்தை சொன்னதை அத்தையின் வார்த்தையிலேயே எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"மத்த நாலு பேரு படிவத்தையும் திருப்பிக் குடுத்துருங்க மேடம். அவங்களையும் நான் போய்க் கேக்கணும்."

"அஞ்சு மணிக்குள்ள நாலு ஊருக்கு எப்படிப் போவீங்க?"

"முடியாது. இன்னைக்கு இந்த ஒண்ணுதான் சரியான படிவம். அப்படியே எழுதி அனுப்புங்க."

ராஜஸ்ரீ அடித்துத் திருத்திய படிவத்தை முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தார். சோலையம்மாள் ஒவ்வொரு வரிக்கும் 'ம்' கொட்டினாள். வாசித்து முடித்ததும் மை டப்பாவில் கட்டை விரலைப் புரட்டித் தாளில் அழுத்தினாள். ரேகை சரியாக விழவில்லை. பக்கத்திலேயே இன்னொரு தடவை அழுத்தினாள்.

ராஜஸ்ரீ டிஷ்யூ பேப்பர் நீட்டினார். அதை வாங்கி விரலைத் துடைத்துக்கொண்டே சோலையம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இவ தாள்ல இருந்தத இவ அடிச்சுட்டா. அன்னைக்கு நீ எழுதி வாங்குன தாள்ல இருக்குறத யாரு அடிக்கிறது?"

காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு சோலை. வா, உன்னய ஆரப்பாளையத்துல விட்டுட்டுப் போறோம்" என்றார்.

சோலையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.